பிலவேந்திரனின் மருந்துச் சீட்டு

ஒருவன் ஒரு மாத்திரையை எதற்காக விழுங்கினான் என்பதை அவனுடைய சிறுநீர் சொல்லுமா? லாரி டிரைவர் பிலவேந்திரனிடம் 1972இல் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. சிடுசிடுப்பான மனிதர். கடத்தூரில் அவரை யாரும் பெரிதாகப் புகழ்ந்ததில்லை. பதினாறு வருடம் வண்டியை ஒழுங்காக ஓட்டினார், அவ்வளவுதான்.

அவருடைய இடுப்பு வலிக்குக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகத்தில் டாக்டர் சிஸ்டர், அபினிலிருந்து எடுக்கும் கோடீன் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஜனவரியில் தொப்பூர் இறக்கத்தில், முன்னால் நின்ற வண்டிக்காகப் பிலவேந்திரன் பிரேக் போட்டு நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நிற்காமல் மோதியது. அதன் டிரைவருக்குக் கால் போயிற்று. போலீஸ் இருவரையுமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே பிலவேந்திரனை வாயை ஊதச் சொன்னார்கள். சாராய வாடை இல்லை. நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்கள், இடுப்பு இழுத்தது. கண்ணில் டார்ச் அடித்தார்கள். கருமணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது. சிறுநீரைப் புட்டியில் பிடித்து அரக்கு வைத்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள்.

ஜூலையில் ரிப்போர்ட் வந்தது: அபின் வகைப் பொருள் உண்டு. லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டு விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

லாரி முதலாளி சென்னப்பன் சிரித்தேவிட்டார். “மதுவிலக்கு போயி கள்ளுக்கடை தொறந்து வருசமாவப் போவுது, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதவன் நீ. உனக்கு அபின் கேசாடா?”

“மாத்திரைங்க. டாக்டரம்மா எழுதிக் குடுத்தது.”

“அப்ப சீட்டக் காட்டிட்டு வண்டிய எடு. இல்லன்னா ஆத்தூர்க்காரன் ஒருத்தன் டிரைவர் வேல கேட்டுக்கிட்டு நிக்கிறான்.”

சீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். இல்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். அடுப்படியிலிருந்து வந்த மனைவி ஞானமேரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏம்மே, டாக்டர் சீட்டு எங்க?”

“அந்தோணியாருக்குப் போட்டுட்டனுங்க.”

அந்தோணியார் கோயிலில் வேண்டுதல் பெட்டி உண்டு. அவரவர் குறையை எழுதிப் போடுவார்கள். ஜூன் திருவிழாவில் எதையும் பிரித்துப் படிக்காமல் மொத்தமாக எரிப்பார்கள். போன மாதம்தான் எரித்திருந்தார்கள்.

“எனக்கு எழுதத் தெரியுமா? இன்னொருத்திகிட்ட சொல்லி எழுதினா ஊரெல்லாம் பரவும். வலி எங்க, என்ன மருந்துன்னு டாக்டரம்மாவே அதுல எழுதியிருக்காங்களே, புனிதருக்குப் புரியாதான்னு போட்டேன்.”

“புனிதருக்குப் புரியும். ஆர்.டி.ஓ.வுக்குப் புரியணுமே!”

காலி பெட்டியை உதைத்தார். இடுப்பில் வலி வெட்டியது. அதற்குப் போட மாத்திரையும் இல்லை. ரிப்போர்ட் வந்த அன்றே மீதியைச் சாக்கடையில் கொட்டியிருந்தார்.

மருந்தகத்துக்குப் போனார். டாக்டர் சிஸ்டர் சொந்த நாட்டுக்கே திரும்பிவிட்டாராம். புதிதாக வந்தவர், “நான் உங்களைப் பார்த்ததே இல்லை. அவங்களுக்கு லெட்டர் போடறேன்” என்றார்.

பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில் டீக்கடையில், கோயில் வாசலில், கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார். அபின் என்ற சொல்லுக்குப் பிறகு வந்தவை யார் காதிலும் ஏறவில்லை. ரிப்போர்ட்டில் பொய் இல்லை. அதுதான் அவரை வதைத்தது. பொய்யென்றால் மறுக்கலாம். பாதியோடு நின்றுவிட்ட உண்மையை எங்கே பிடித்து மறுப்பது?

அக்டோபரில், விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கையில் கடிதம் வந்தது. இன்னாருக்கு, இன்ன வலிக்கு, இந்த மாத்திரையை நானே கொடுத்தேன் என்று டாக்டர் சிஸ்டர் கையெழுத்திட்டிருந்தார். ஞானமேரிதான் அதை அவருடைய சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள்.

தர்மபுரியில் விசாரித்த அதிகாரி கடுமையானவர் அல்லர். “அபின்னு வந்திருக்குது. யார் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு இதுல வராதுப்பா. டாக்டர் எழுதின ஒரு துண்டுக் காகிதம் போதும், விட்டுடறேன். இருக்குதா?”

பிலவேந்திரனின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பதினாறு வருடம் ஓட்டியதும் மாதக்கணக்கில் வாயால் சொன்னதும் யாருக்கும் போதவில்லை, ஒரு துண்டுக் காகிதம் போதுமாம். கை வெறுமையாக இறங்கியது.

“இல்லைங்க.”

லைசென்ஸ் ரத்தானது. தொப்பூரில் பஞ்சர் ஒட்டும் வேலைக்குப் போனார்.

துவைக்க எடுத்த சட்டையில் கடிதம் மடிப்புக் கலையாமல் இருந்தது. “ஏங்க, இத அவருகிட்ட குடுக்கலீங்களா?” என்று கேட்டாள் ஞானமேரி. அவர் எழுந்து வெளியே போனார். பின்னர் அவள் கேட்டபோதெல்லாம் அப்படியே போனார்.