குளவிக் காலமும் எட்டுத் தேன்பெட்டிகளும்

"செப்டம்பர் 9, செவ்வாய். காலை 6.10க்கு மோட்டார் போட்டேன். காற்று இல்லை. புழுக்கம், மூக்குக்கண்ணாடி நனைகிறது. பேரீச்சை நான்கு மரம் பாக்கி. தேன்பெட்டி எட்டில் மூன்றுதான் உயிரோடு. அர்பாப் வந்தார். கோபம்."

இது என் டைரியில் உள்ளபடி. அல் ஐனுக்கு வெளியே ஒரு மஸ்ராவில், அதாவது பண்ணையில், பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். மோட்டார், டிரிப் லைன் என்கிற சொட்டுநீர்க் குழாய், பேரீச்சை அறுப்பு, ஆட்களுக்கு டூட்டி பிரிப்பது எல்லாம் என் பொறுப்பு. வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். மஸ்ரா வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக அதிலிருந்து ஒரு சீசனை இங்கே எடுத்துத் தருகிறேன்.

1. எட்டில் மூன்று

தேன்பெட்டிகளைப் பார்ப்பவன் தாசையன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரன், ஐம்பது வயது. முழங்கால் சரியில்லாததால் கனமான வேலைக்கு ஆகாது. ஆனால் ஒரு பெட்டியின் மேல் காதை வைத்தே உள்ளே ராணி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான்.

இங்கே கோடையில் தேனீக்கு மேய்ச்சல் கிடையாது. சர்க்கரைத் தண்ணீர் வைத்து, பெட்டி மேல் ஈரச்சாக்கு போட்டு, அக்டோபர் வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அக்டோபரில் சித்ர் மரம் பூக்கும். அது நம் இலந்தை இனம், தேன் அதில்தான். நடுவில் ஆகஸ்ட் கடைசியில் குளவி வரும். செம்பழுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை. பெட்டி வாசலில் நின்றபடி பறந்து, வெளியே வரும் தேனீயை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும். தாசையன் அதைக் கடந்தல் என்பான்.

அர்பாப், எங்கள் முதலாளி, அரபியும் இந்தியும் கலந்து பேசுவார். அன்று அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"தாசு, போன வருஷம் மூணு பெட்டி போச்சு. புதுசு வாங்கிக் குடுத்தேன். இந்த வருஷம் அஞ்சு. நீ பெட்டிக்குக் காவலா, கட்டிலுக்குக் காவலா?"

"அர்பாப், கடந்தல்..."

"குளவி எல்லா மஸ்ராவுலயும்தான் இருக்கு. சித்ர் பூக்குறப்ப பெட்டில ஈ இல்லேன்னா கலாஸ், முடிஞ்சுது. விசா கேன்சல். ஊருக்குப் போ."

2. பார்க் பெஞ்சு

தாசையனுக்கு ஊருக்குப் போவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். அவன் மனைவி ரோசம்மா அல் ஐனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவன் ஒன்பது வருடம் இங்கே தனியாகக் கிடந்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் அவருக்கு இங்கே வேலை கிடைத்தது. அவர் நான்கு நர்ஸுகளோடு ஷேரிங் ரூமில், இவன் மஸ்ரா ரூமில். வெள்ளிக்கிழமை டூட்டி இல்லாவிட்டால் ஒரு பார்க்கில், வேப்பமரத்தடி பெஞ்சில் சந்திப்பார்கள். ரோசம்மா மீன்குழம்பு கொண்டுவருவார். மிச்சத்தை தாசையன் எனக்குக் கொண்டுவருவான்.

அர்பாப் வண்டி கேட்டைத் தாண்டியதும் அவன் சொன்னான்: "ஒம்பது வருசம் போன்லயே குடும்பம் நடத்துனேன் அண்ணாச்சி. இப்பதான் மூஞ்சியப் பாத்துச் சண்ட போடுதேன். அதுவும் போவப் போவுதா?"

3. பேட் டூட்டி

குளவியை அடிக்கக் கொசு பேட்தான் தோது. ரோசம்மா டவுனிலிருந்து மூன்று வாங்கிக் கொடுத்துவிட்டார். நான், தாசையன், டிராக்டர் ஓட்டும் வங்காளி ரஃபீக், மூவரும் முறை போட்டு நின்றோம். வெயில் காலத்தில் மதியம் வெளிவேலைக்கு இங்கே அரசுத் தடை உண்டு; அது முடியும்வரை காலையும் சாயங்காலமும் மட்டும். தாசையன் பெட்டி வாசலில், தேனீ மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போட்ட மரச்சட்டத்தை அடித்தான். ரஃபீக் ஒவ்வொரு குளவிக்கும் "சிக்ஸர்!" என்று கத்துவான்.

ரோசம்மா போனில் கேட்பார். தாசையன் ஸ்பீக்கரில் போடுவான்.

"இன்னைக்கு எத்தன விக்கெட்டு?"

"நாப்பத்தொண்ணு."

"ஈய அடிச்சிராதீங்க. கொசு அடிக்கப் போயி அலமாரிக் கண்ணாடிய ஒடச்ச ஆளுதான நீங்க."

சிரித்தோம். ஆனால் அடிக்க அடிக்கக் குளவி கூடியதே தவிரக் குறையவில்லை. செப்டம்பர் 14, ஞாயிறு காலை 7.40க்கு மூன்றில் ஒரு பெட்டி காலியானது. மொத்த ஈயும் வெளியேறி, கறுப்புப் புகை மாதிரி வேலியைத் தாண்டி காஃப் மரங்களின், அதாவது நம் வன்னி மரங்களின், பக்கம் போயிற்று. தாசையன் நொண்டிக்கொண்டே வேலிவரை ஓடினான். அதற்கப்பால் வேறொருவர் நிலம்.

திரும்பி வந்து கேட்டான்: "அண்ணாச்சி, நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவியளே. கடந்தல் எந்த வருசம் எப்படி வந்துன்னு பாத்துச் சொல்லுங்க. இது என் கொறையில்லன்னு அர்பாப்புக்குக் காட்டணும்."

4. டைரியில் இருந்தது

அன்று மதிய பிரேக்கில் மோட்டார் ரூமில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பழைய டைரிகளைப் புரட்டினேன். முந்தைய வருடங்களில் ஒரு சீசனுக்கு இரண்டு மூன்று இடத்தில்தான் 'குளவி' என்ற சொல் இருந்தது. வருடத்துக்கு ஒரு பெட்டி போகும், சில வருடம் அதுவும் போகாது. போன வருடம் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலிருந்து பக்கத்துக்குப் பக்கம் 'குளவி அதிகம்'. இந்த வருடமும் அப்படியே. போன வருடம் என்ன மாறியது என்று பின்னோக்கிப் போனேன்.

"ஆகஸ்ட் 3. பழம் காயப்போடும் தட்டிகளைக் கிழக்கு மூலையிலிருந்து மோட்டார் ரூம் பக்கம் மாற்றினேன். நடை மிச்சம்."

எழுந்து வெளியே வந்தேன். தட்டியில் பேரீச்சை பாகு வடிந்து கிடந்தது. அதன்மேல் குளவி மொய்த்தது. அங்கிருந்து தேன்பெட்டிவரை நடந்து பார்த்தேன். இருபத்தெட்டு காலடி. குளவிக்கு இனிப்புப் பந்தி வைத்து, பக்கத்திலேயே அதன் குஞ்சுகளுக்குக் கறியாகத் தேனீயையும் வைத்திருந்தேன். இடுப்பு வலி என்று யாரையும் கேட்காமல் நான் மாற்றிய இடம் அது.

சாயங்காலம் தாசையன் கேட்டான்: "பாத்தியளா?"

"இன்னும் பாக்கல தாசு."

மறுநாள் பதிவு இவ்வளவுதான்: "செப்டம்பர் 15, திங்கள். டிரிப் லைன் 7 அடைப்பு எடுத்தேன்." பதினான்கு வருடத்தில் அவ்வளவு சின்ன பதிவு வேறு இல்லை.

16ஆம் தேதி காலையில் அவன் சாக்கை நனைத்துக்கொண்டே பேசினான். "ஊருக்குப் போனா ரப்பர் தோட்டத்துல பெட்டி வச்சுப் பொழச்சுக்கிடுவேன். அவ வெள்ளிக்கெழம எங்க போவா? அந்தப் பெஞ்சுல தனியா இருக்க மாட்டா."

டைரியை எடுத்து வந்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவன் தட்டியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். வாளியில் இருந்த சாக்கை மறுபடி நனைத்துப் பிழிந்தான்.

"இத எழுதாம விட்டிருந்தா எவனுக்குத் தெரியும் அண்ணாச்சி?"

"எனக்கும் தெரிஞ்சிருக்காது."

"பக்கத்துலயே இருந்து நானும் பாக்கலயே," என்றான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5. அர்பாப் நடந்து பார்த்தது

அன்றே அர்பாப்புக்கு போன் செய்தேன். வந்தார். தமிழ் தெரியாதவர் என்பதால் வரிவரியாக இந்தியில் சொன்னேன். டைரியை வாங்கி எழுத்துகளைப் பார்த்தார்.

"இது நீயே எழுதினதா? உன்னப் பத்தியே?"

"ஆமா அர்பாப்."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"தேதி விட்டுப்போயிரும்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தட்டியிலிருந்து பெட்டிவரை தானே நடந்தார். அவர் கணக்கில் இருபத்தாறு. அவர் என்னைவிட உயரம்.

"தட்டிய மாத்து. நீயே தூக்கு. வேற ஆள் வேணாம்."

"தாசு?"

"சித்ர் பூக்கட்டும். பாப்போம்."

கிழக்கு மூலைக்கு ஒரு நடைக்கு முந்நூற்று நாற்பது காலடி. பத்தொன்பது தட்டி. நான்காவது தட்டியில் தாசையன் மறுமுனையைப் பிடிக்க வந்தான். "முழங்காலோட நீ எதுக்கு? போ" என்றேன். "அர்பாப் ஒங்களத்தான தூக்கச் சொன்னாரு. நான் சும்மா பிடிச்சிட்டு வாறேன்" என்றான்.

6. சித்ர் பூத்தது

குளவி ஒரே நாளில் நிற்கவில்லை. பேட் டூட்டி தொடர்ந்தது. 41 இருந்தது 30 ஆனது, பிறகு 12. அதற்குள் இரண்டு பெட்டியில் இன்னொன்றும் போயிற்று. அக்டோபர் முதல் வாரம் வடக்குக் காற்று வந்தது. காலையில் கண்ணாடி நனையவில்லை. தக்காளி நாற்று நட்டோம். மிச்சம் இருந்த ஒரு பெட்டியை தாசையன் தினமும் காதை வைத்துக் கேட்டான்; திறக்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி. சித்ர் பூத்து மூன்றாம் நாள். ரோசம்மாவை ரஃபீக் பிக்கப்பில் அழைத்து வந்தான். அவர் இந்த மஸ்ராவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெட்டி வாசலில் தேனீக்கள் காலில் மகரந்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தன.

"இதுக்கா இம்புட்டுக் கருவாடா ஆனீங்க?" என்றார் ரோசம்மா. தாசையன் "மெதுவாப் பேசு, பயந்துரும்" என்றான்.

அர்பாப் வந்தார். ரோசம்மாவுக்கு சலாம் சொன்னார். தாசையன் மூடியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினான். ஈ கொஞ்சம்தான், ஆனால் ராணி இருந்தது, புது முட்டையும் இருந்தது. அர்பாப் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"பெட்டி வாங்கணுமே தாசு. எத்தனை?"

தாசையன் சட்டத்தை மெல்லப் பெட்டிக்குள் இறக்கினான். பதில் ரோசம்மாதான் சொன்னார்.

"ஏழு."

இதில் நான் கற்றது: டைரியில் 'நடை மிச்சம்' என்று எழுதும் நாளில், அந்த வசதி வேறு யார் தலையில் விழுகிறது என்று அடுத்த வரியில் எழுதிவிட வேண்டும். யார் தலையில் என்று தெரியாவிட்டால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும்.

ஒரு குறிப்பு பாக்கி. நவம்பர் 21 அன்று, வேலிக்கு அப்பால் மூன்றாவது காஃப் மரத்தின் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் இருப்பதை ரஃபீக் பார்த்தான். செப்டம்பர் 14 அன்று எங்கள் பெட்டியை விட்டுப் போனவை அந்தத் திசையில்தான் போயின. தாசையன் "நம்ம பிள்ளையளுதான்" என்கிறான். ரஃபீக் காட்டு ஈ என்கிறான். அவை எங்கிருந்து வந்தவை என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.