ஜெனரல் வீட்டு மேசை

எங்கள் சுரங்க ஊரான ஒருரோவில் செனோபியாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஜெனரலம்மா’தான். அவள் புருஷன் நாட்டையே ஆட்டிப்படைத்தவன். ஆட்சி கவிழ்ந்து சிறையில் செத்தான். அவள் தாய்வீட்டு ஓட்டு வீட்டுக்கே திரும்பி வந்தாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

செத்தவருக்கு மூன்று வருஷம் மட்டும், நவம்பரில் ஆவிகள் வீடு திரும்பும் நாளன்று, படையல் மேசை போடுவோம். ரொட்டி, பழம், அவர் விரும்பிக் குடித்தது எல்லாம் இருக்கும். வழிப்போக்கர்கூட வந்து, பெயர் கேட்டு, ஜெபம் சொல்லி, ரொட்டி வாங்கிப் போகலாம். ஜெபம் கிடைக்காவிட்டால் ஆவி பசியோடு திரும்பும்.

முதல் இரண்டு வருஷமும் அவள் வாசலை ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் வருஷம், ஊருக்கு ரொட்டி சுடும் என் அடுப்புக்குக் கூடை கூடையாக மாவு கொண்டுவந்தாள்.

“இம்புட்டு எதுக்கும்மா? யாரு திங்கப் போறா?”

“ஒருத்தராவது வர மாட்டாங்களா? இந்த வருஷத்தோட அவருக்குக் கதவு மூடிடுமே.”

எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சுட்டுக் கொடுத்தேன், சுமக்க ஆளில்லாததால் கூடவும் போனேன்.

மத்தியானம் ஒருத்தி வந்தாள். உருளைக்கிழங்கு விற்கும் சத்துர்னினா. அவள் தம்பியை ஜெனரலின் சிப்பாய்கள் சுரங்கத்திலிருந்து இழுத்துப் போனார்கள், உடல்கூடத் திரும்பவில்லை. மேசை போட்டால் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவள் வீட்டில் போடவே இல்லை. மேசையைக் கவிழ்த்துவிடுவாளோ என்று பயந்தேன்.

“ஜெனரலம்மா, யாரு பேருக்கு வேண்டணும்?” என்று வழக்கப்படி கேட்டாள். குரலில் விஷம்.

செனோபியா மேசைமேல் இருந்த புருஷன் படத்தைப் பார்த்தாள்.

“உங்க தம்பி பேரு என்ன?”

“கசியானோ.”

“அவன் பேருக்கே வேண்டுங்க.”

“அப்ப உங்க வீட்டுக்காரரு?”

“பசியோட போகட்டும்.”

சத்துர்னினா மண்டியிட்டாள். ஜெபம் பாதியில் அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அதன்பிறகு ஒவ்வொரு நவம்பரும் உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த வீட்டில்தான் மேசை. பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் பெயரோடு வந்தார்கள். சிலர் அவள் முகத்தைப் பார்க்காமலே ரொட்டி வாங்கிப் போனார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

போன குளிர்காலத்தில் அவள் இறந்தாள். பிள்ளைகுட்டி இல்லை. இந்த நவம்பர் மேசை போட்டது சத்துர்னினா; ரொட்டி என் அடுப்பில். வாசலைத் தாண்டித் தெருமுனை வரை கூட்டம் நின்றது.

“யாரு பேருக்கும்மா?” என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

“செனோபியா பேருக்கு,” என்றாள் சத்துர்னினா.