தம்பிக்கு வைத்திருந்த வேலை

மயில்சாமியண்ணன் இறந்த செய்தியைப் போனில் சொன்னவர் அவருடைய தம்பி ஆறுச்சாமி. "அண்ணன் போயிட்டாருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் செய்தி தம்பி வாயால் வந்ததே எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஆனைமலைப் பக்கம் அவர்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

பாகம் பிரித்தபோது அப்பா காலத்து டிராக்டர் அண்ணனுக்கும், பெட்ரோல் கார் தம்பிக்கும் போயின. கிணற்றுத் தண்ணீர் முறையில் மூண்ட சண்டையில் பேச்சு நின்றுபோனது. அடுத்தடுத்த தோட்டம், நடுவில் ஒரு கம்பிவேலி. பல வருஷம் முகம் பார்க்காமலே விவசாயம் செய்தார்கள். இரண்டு பேரையும் நான் திட்டாத நாளில்லை.

பிறகு டிராக்டர் எஞ்சின் உடைந்தது. அந்தப் பழைய வண்டிக்கு உதிரிபாகம் எங்குமில்லை. அதே சமயம் தம்பி, தகரம் இற்றுப்போன காரை இரும்புக்குப் போட்டுவிட்டார். அண்ணன் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அந்தக் காரின் எஞ்சினையே வாங்கிவந்து என் பட்டறையில் இறக்கினார்.

"கார் எஞ்சின் உழவுக்கு ஆகாதுங்கண்ணா. பெட்ரோல் ஊத்தியே ஓஞ்சுபோவீங்க. டீசல் எஞ்சின் ஒண்ணு பாத்துத் தாரேன்" என்றேன்.

"இதுதானுங்க வேணும். மாட்டிக் குடுங்க."

அந்த டிராக்டருக்கு எஞ்சின்தான் முதுகெலும்பு, முன்பாரமெல்லாம் அதன்மேல்தான். கார் எஞ்சின் அதைத் தாங்காது. இருபுறமும் இரும்புச் சட்டம் கொடுத்து, முணுமுணுத்துக்கொண்டே மாட்டி முடித்தேன். ஒன்றுதான் குறை. பாரத்துக்கு ஏற்ப வேகத்தைத் தானாகச் சரிசெய்யும் கவர்னர் அதில் இல்லை.

முதல் உழவுக்கு நானும் போயிருந்தேன். கலப்பை மண்ணில் இறங்கினால் எஞ்சின் திணறி நின்றது, தூக்கினால் அலறியது. ஆயுசெல்லாம் டிராக்டர் ஓட்டிய மனிதர் திரும்பத் திரும்ப அணையவிட்டார். வேலிக்கு அந்தப்பக்கம் ஆறுச்சாமி மண்வெட்டியோடு நின்றுவிட்டார். எத்தனை வருஷம் ஓட்டிய எஞ்சின், சத்தம் தெரியாமல் போகுமா? கடைசியில் கம்பியை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எஞ்சினைக் கொன்னுபோடாதீங்ணா. ஆக்சிலேட்டரை நான் புடிக்கிறேன், நீங்க ஸ்டேரிங்கைப் பாருங்க."

அண்ணன் மட்கார்டில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இடம் கொடுத்தார். அதன்பின் இரண்டு தோட்டத்துக்கும் அந்த ஒரே டிராக்டர்தான் உழவு, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு கவர்னர் செய்து எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். "நல்லாத்தானுங்க செஞ்சிருக்கீங்க. ஆனா இதை மாட்டிட்டா தம்பிக்கு என்னங்க வேலை?"

வேலை வீணாயிற்றே என்று அன்று எனக்குக் கோபம். அது பட்டறை அலமாரியிலேயே கிடந்தது.

கருமாதி முடிந்த பிறகு ஆறுச்சாமி டிராக்டரைத் தனியாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "அந்தக் கவர்னரை மாட்டிருங்க. இனி நான் ஒருத்தன்தானுங்களே" என்றார். தூசி தட்டி மாட்டிக் கொடுத்தேன். எஞ்சின் சீராக ஓடியது. இருவரும் அழுதோம்.

கருவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அண்ணன் கேட்ட கேள்வியை நான் வைத்துக்கொண்டேன்.