கடலோரத் தடம்

குமரி எல்லையை ஒட்டிய கடலோர ஊரான பொழியூரில் பள்ளி வேன் ஓட்டும் அக்கா அவர். காக்கிச் சட்டை, சின்னக் கம்மல், ஜன்னல் வெயிலில் கறுத்த வலக்கை. அவர் வீட்டு மாடி அறையை ஒரு பெரிய பலகை அடைத்துக்கொண்டிருந்தது. அதில் அவரே வெட்டிய இரண்டு பள்ளக்கோடுகளில் கரண்டில் ஓடும் குட்டிக் கார்கள். சுற்றிலும் அந்த ஊர்க் கடற்கரை போலவே தேங்காய் நாரில் செய்த மரங்கள், நிஜ மணல் ஒட்டிய கரை, நீலச் சாயக் கடல்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கே கடல் கரையை அரித்த அளவுக்குப் பலகையிலும் மணலைச் சுரண்டி நீலம் பூசுவார். பலகையில் கடல் இப்போது ரோட்டைத் தொட்டுவிடும்போல இருந்தது.

“பழைய கரையையே விட்டிருக்கலாமே அக்கா?” என்றேன், பலகையைப் பார்க்கப் போயிருந்த நான்.

“இல்லாத கரையைக் காட்டவா? அது நாணக்கேடாக்கும் மக்கா. கடல் வந்தா நான் ரோட்டை வளைச்சு வெட்டுவேன். வளைவு கூடுனா ஓட்ட நல்ல சுகம் உண்டு.”

பந்தயத்தில் எனக்கு உள்தடத்தைக் கொடுத்தார். கடலோரத் தடம் எப்போதும் அவருக்குத்தான். வளைவில் என் கார் தெறித்துக் கடலில் விழுந்தது. அவருடையது வேகம் குறையாமல் அதற்கு முன்பே கடந்துவிட்டிருந்தது.

பொழியூரில் மறுபடி கடல் ஏறியதாக நேற்றுச் செய்தியில் சொன்னார்கள். அக்கா இந்நேரம் அடுத்த வளைவை வெட்டிக்கொண்டிருப்பார்.