சூசை அண்ணனின் அமெரிக்கக் கார்

சென்ற மாதம் ஒரு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். ஐந்தே வரி. இத்தனை வருடங்களில் எதை எழுதியதற்காக வெட்கப்படுகிறாய் என்று யாராவது கேட்டால், அந்த ஐந்து வரியைத்தான் காட்டுவேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் சூசை அண்ணன் என்று ஒரு டாக்ஸிக்காரர் இருந்தார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிப் போவது தொழில். வண்டி, பழைய அமெரிக்கக் கார். எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. நல்ல நீளம், நல்ல அகலம். ஆனால், பாதி மலை ஏறுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும்.

இரண்டு வருடம் முன்பு அண்ணன் அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு, லாரிக்கு வைக்கிற டீசல் இன்ஜினைப் பொருத்தினார். அப்புறம் கேட்க வேண்டுமா? வத்தலக்குண்டில் கிளம்பினால் கொடைக்கானலில்தான் நிற்பார். வழியில் பஸ்களெல்லாம் பின்தங்கும். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் இரண்டு முறை அதில் போய்ப் புகழ்ந்து தள்ளியிருக்கிறேன்.

ஏறும்போது சரி... இறங்கும்போது?

பிரேக் மட்டும் பழையதுதான். புது இன்ஜின் கனத்துக்கு இது தாங்காது என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அந்தக் காருக்கு பிரேக் சாமான் இங்கே கிடைக்கவில்லை. கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன் இருந்துவிட்டார்.

போன ஐப்பசி மழையில், ஒரு குடும்பத்தை மலையில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பாறையில் மோதி, கதவு திறந்து, அண்ணன் ரோட்டில் விழுந்தார். காருக்கு ஒரு மட்கார்டு நசுங்கியது. அண்ணன் போய்விட்டார்.

அவர் மனைவி ஆரோக்கியம் அக்காதான் என்னிடம் வந்தார். மகளுக்கு மதுரையில் நர்ஸ் டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. காரை விற்றால்தான் அனுப்ப முடியும். பத்திரிகையில் எழுதுகிறவன் ஆயிற்றே, நான் விளம்பரம் எழுதினால் எடுபடும் என்று நினைத்தார்.

எடுபடும்படிதான் எழுதினேன். அசல் அமெரிக்கக் கார், வலுவான டீசல் இன்ஜின், கொடைக்கானல் மலையை நிற்காமல் ஏறும்... படித்துக் காட்டினேன். அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"அவுக செத்தது இதுல வரலையே, தம்பி?"

விளம்பரத்தில் அதையெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள், வாங்குகிறவர் பார்த்து வாங்கிக்கொள்வார் என்றேன். அக்கா தாளை மடித்து வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாளே வத்தலக்குண்டிலிருந்து பாண்டி என்ற இளைஞர் வந்தார். பஸ் கண்டக்டர். சீசனுக்கு முன்னால் சொந்தமாக டாக்ஸி ஓட்ட ஆசை. இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். சத்தத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்தார். நான் பக்கத்திலேதான் நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை.

அக்காதான் கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க வீட்டுக்காரரு இந்த வண்டியிலதான் செத்தாரு, அப்பு. ஏறுறதுக்கு எல்லாம் செஞ்சாரு. நிக்கிறதுக்கு ஒண்ணும் செய்யல."

பாண்டி என்னைப் பார்த்தார். நான் மட்கார்டைப் பார்த்தேன். பாண்டி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"பரவால்லக்கா. நான் கியர்லயே பதனமா எறக்கிக்கிருவேன். வெலைய மட்டும் கொஞ்சம் கொறைங்க."

"அவரும் இதத்தான் சொன்னாரு."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டார். மனைவி, எட்டு மாதக் குழந்தை. அவ்வளவுதான்... இந்த வண்டியை உனக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாண்டி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கோபமும் பட்டார். கிளம்பும்போது, விளம்பரத்தை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

கடைசியில், சாணார்பட்டி விவசாயி ஒருவர் கிணற்றில் தண்ணீர் இறைக்க இன்ஜினை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மிச்சத்தைப் பழைய இரும்புக்கடையில் போட்டார்கள். முழுக் காராக விற்றிருந்தால் வந்திருக்கும் விலையில் பாதிகூடத் தேறவில்லை. அக்கா காதில் கிடந்த தோட்டைக் கழற்றினார். மகள் மதுரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மனசு கேட்காமல் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்ன செய்வீக, தம்பி? நானும் மூணு நாளு சும்மாதான இருந்தேன்," என்றார்.

அவர் மூன்று நாள்தான் சும்மா இருந்தார். நான் கடைசி வரைக்கும் இருந்தேன். பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு! உண்மைதான்... அந்த ஐந்து வரியில் ஒரு பொய்கூட இல்லை. ஒரு மனிதரைச் சாகடிக்க அது போதாதா?

நேற்று ஒருவர் வந்தார். வீடு விற்க விளம்பரம் வேண்டுமாம். எழுதித் தருகிறேன், எதையெல்லாம் எழுத வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன் என்றேன்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.