பட்டன் அக்காவின் விரல்

கடைசியாக உங்கள் வீட்டில் யாருக்கோ போனில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தீர்களே, அப்போது அந்தப் போன் யார் கையில் இருந்தது? அவர் கையிலா, உங்கள் கையிலா? அவசரமில்லை, யோசித்து வையுங்கள். அதற்குள் பட்டன் அக்காவின் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

சாப்பாட்டு இடைவேளை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பெரிய இயந்திரங்கள் மூச்சு வாங்கி நிற்கின்றன. துணி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அக்கா உட்கார்ந்திருக்கிறார். மடியில் போன். முழங்காலின் மேல், கிழிந்ததென்று ஒதுக்கிய தலையணை உறையிலிருந்து வெட்டிய துணித்துண்டு, லேசான ஈரத்தோடு. ஆள்காட்டி விரலை அதில் ஒரு ஒற்று ஒற்றுகிறார், திரையைத் தொடுகிறார். ஒரு பச்சைக் குமிழ் பாய்ந்துபோய் மற்ற பச்சைகளோடு ஒட்டுகிறது. டப், டப், டப்.

"ஒழிஞ்சுது பச்சை! அடுத்து யாரு, நீலமா? வா ராசா வா, உனக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்!"

மடிப்பு மேசையிலிருந்து ஒரு குரல்: "மெதுவா அண்ணி. மேல நோயாளிங்க எழுந்து ஓடிடப் போறாங்க."

"ஓடினா நல்லதுதானே. துணி குறையும்."

ஐம்பதைத் தாண்டிய இந்த அம்மாளுக்குப் பட்டன் அக்கா என்ற பெயர் வந்தது, ரப்பர் பேண்டு சுற்றிய ஒரு பழைய பட்டன் போனால். ஊர் உலகமே கண்ணாடி போனுக்கு மாறிய பிறகும் அவர் அதை விடவில்லை. "அமுக்கினா டொக்குன்னு பதில் சொல்லுது பாரு, அது மரியாதை. உங்க கண்ணாடி, தொட்டாலும் இளிக்குது, தொடாட்டியும் இளிக்குது." இதை அவர் சொல்லும்போது கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும், எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் வராது.

பழமையில் பற்று என்று நினைத்துவிடாதீர்கள். சலவைக்கூடத்துக்குப் புது உலர்த்தும் இயந்திரம் வந்தபோது முதலில் ஓடிப்போய்க் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்தவர் அவர்தான். போன் மட்டும் பிடிக்காமல் போனதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. அலுவலகத்துக்குப் போகும் மகள், அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க உட்காருவாள். அந்தப் பொறுமை பால் பொங்கும் நேரம்கூட நிற்காது.

"'இதுகூடத் தெரியலையா, குடு இங்க'ன்னு வாங்குவா. சரசரன்னு நாலு தடவு தடவுவா. 'பாத்துக்கிட்டியா?'ன்னு கேப்பா. எதைப் பாக்கறது? அவ நகச்சாயத்தைத்தான் பாத்தேன். நல்ல கலரு."

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் புது விதி போட்டது. இனிமேல் வருகைப் பதிவு போனில்தான். செயலியைத் திறக்க வேண்டும், பச்சை வட்டத்தைத் தொட வேண்டும், அது 'டிங்' என்று ஒலித்தால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகக் கணக்கு. நாள் முழுக்க வெக்கையில் நின்று விரிப்புகளைத் தேய்த்தாலும், வட்டம் ஒலிக்காவிட்டால் நீங்கள் வரவே இல்லை!

மகள் தன் பழைய போனைக் கொடுத்தாள். அக்கா பச்சை வட்டத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார், தேய்த்தார், தட்டினார். கல்லாய் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தொட்டால் மட்டும் டிங். அக்காவின் நாத்தனாரும் அங்கேதான் துணி மடிக்கும் வேலையில் இருக்கிறார். கணவனின் தங்கை. அவர் விரலுக்கும் அதே கதி.

"நமக்கு மிஷின் ராசி இல்ல அண்ணி. எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்."

"ராசியாவது கீசியாவது! உங்கம்மா காலத்துல ஏதுடி போனு?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர உள்ளுக்குள் அக்காவும் நொந்துதான் போயிருந்தார். மேற்பார்வையாளர் தினமும் வந்து அவர்களுடைய வட்டத்தை வேண்டாவெறுப்பாகத் தானே தொட்டுவிட்டுப் போவார். ஒரு பெண்பிள்ளை இருபது வருஷம் உழைத்த இடத்தில், தான் வந்திருப்பதைச் சொல்ல இன்னொருவர் விரலை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

விடிவு வந்தது ஒரு தவறுதலால். ஒருநாள் இஸ்திரிக்கு இடையில், செயலி திறக்கிறதா பார்ப்போம் என்று போனை எடுத்தவர் பக்கத்துப் படத்தைத் தொட்டுவிட்டார். அது மகள் எப்போதோ ஏற்றி வைத்த குமிழ் விளையாட்டு. மேலே கொத்துக் கொத்தாக வண்ணக் குமிழ்கள், கீழே ஒரு பீரங்கி. அதைத் திறந்தது ஈரத் தலையணை உறை பிடித்திருந்த கை. மற்றொரு கையில் போன். விளையாட்டின் பாட்டு அலறவும் பதறி, அதே ஈரக் கையாலேயே திரையை மூடப் பார்த்தார். பீரங்கி சுட்டது. மூன்று குமிழ்கள் வெடித்தன.

"வெடிச்சுதுடி! ஏய், நான் வெடிச்சேன்டி!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அக்கா அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கும்பிடு போடவில்லை, நல்ல நேரம் என்று சொல்லவில்லை. விரலைக் காய்ந்த துண்டில் துடைத்துவிட்டுத் தொட்டார். அசையவில்லை. ஈர உறையில் ஒற்றித் தொட்டார். சுட்டது. மறுபடி துடைத்தார், மறுபடி ஒற்றினார். ஆளை மாற்றாமல் விரலை மாற்றி, விரலை மாற்றாமல் ஈரத்தை மாற்றி, கை சலிக்கிற வரை சோதித்தார். பிறகு நாத்தனாரிடம் போய் நின்றார்.

"ராசின்னியே, இந்தா உன் ராசி!" என்று ஈரத் துணியை அவர் தோளில் போட்டார். "நம்ம விரலு காய்ஞ்சு கிடக்கு. வேற ஒண்ணுமில்ல."

வேறு ஒன்றுமே இல்லை. வெந்நீரிலும் வெளுப்புத் தூளிலும் ஊறி, ஆவியில் வெந்து, மரப்பட்டையாய்க் காய்ப்பேறிய விரலை அந்தக் கண்ணாடியால் உணர முடியவில்லை. குறை கண்ணாடியுடையது. அதைத் தயாரித்துச் சோதித்துப் பார்த்த மேசையில் இப்படியொரு விரல் ஒருநாளும் வந்து தொட்டிருக்காது. ஆனால் பழி? 'உங்களுக்கு வராது' என்று மனிதர் தலையில்! உழைத்துத் தேய்ந்த கையைப் பார்த்து, நீ எதற்கும் லாயக்கில்லை என்று ஒரு பொருள் சொல்கிறது. நாமும் அதை நம்பித் தலையாட்டுகிறோம்.

அன்று முதல் அக்காவுக்கு அந்த விளையாட்டின் மேல் தீராத மோகம். ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டால், கேட்கவே காத்திருந்தவர் போலக் கொட்டுவார்.

"நான் பொழுதன்னிக்கும் என்ன பண்றேன்? பச்சைத் துணிய பச்சையோட, நீலத்த நீலத்தோட பிரிச்சுப் போடறேன். அங்க பிரிச்சுப் போட்டா மறுநாள் அழுக்கா திரும்பி வருது. இங்க பிரிச்சுப் போட்டா வெடிச்சுப் போயிடுது! ஒரேயடியா! என்ன நிம்மதி தெரியுமா?"

பிறகு குரலைத் தாழ்த்துவார். "தோத்தா என்ன சொல்லுது தெரியுமா? 'மீண்டும் முயற்சி செய்'ங்குது. பொறந்த வீட்டுல சொன்னதில்ல, புகுந்த வீட்டுல சொன்னதில்ல. இது சொல்லுது!"

அதற்காக மயங்கிக் கிடக்கிறவரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் விளையாட்டில் 'உயிர்' தீர்ந்துபோய், காசு கொடுத்தால் புது உயிர் தருவேன் என்று திரை ஆசை காட்டும்போது கண்ணைச் சுருக்குவார். "உயிரை விக்கறேன்னு எவன் வந்தாலும் நம்பக்கூடாது. சும்மா வெச்சுட்டுப் போனா நாளைக்குத் தானா வருது." போன் இடுப்புக்குப் போய்விடும்.

குமிழ் வெடித்த விரலுக்குப் பச்சை வட்டம் எம்மாத்திரம்? மறுநாள் காலையில் அக்காவே தொட்டார், டிங் என்றது. மேற்பார்வையாளர் வாயைப் பிளந்தார். பிளந்த வாயை மூடுவதற்குள் அடுத்த விதி வந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை அவரவர் போனில் அவரவரே வருகை பதிய வேண்டும். முடியாதவர்களுக்குத் திங்கள்கிழமை முதல் வேலை இல்லை.

அக்காவின் முகம் வாடியது நாத்தனாருக்காக. இரண்டு பேருக்கும் கல்யாண நாளிலிருந்து ஆகாது. ஒருவர் மடித்ததை மற்றவர் பிரித்து மடிப்பார். ஆனால் நாத்தனார் வீட்டில் உலை கொதிப்பது அவர் ஒருவருடைய சம்பளத்தில். ஈரத் துணியின் சூட்சுமம் தெரிந்த பிறகும் அவர் போனைத் தொட மறுத்தார். ஏதாவது ஆகிவிடுமாம்.

"முதல்ல வட்டம் வேண்டாம். குமிழ் சுடு. தப்பாப் போனா ஒரு குமிழ்தான் போகும், குடியா முழுகிடும்?" என்று சொல்லி, நாத்தனாரின் போனிலும் மகளைக் கொண்டு அந்த விளையாட்டை ஏற்ற வைத்துவிட்டு, அக்கா கூடையை இழுத்துப் போட்டார்.

நாத்தனார் விரலைத் தண்ணீரில் முக்கியெடுத்துக்கொண்டு வந்தார். பீரங்கி பைத்தியம் பிடித்ததுபோல் எட்டுத் திசையிலும் சுட்டது.

"சொட்டச் சொட்ட நனைச்சா துணிக்கே இஸ்திரி ஆகாது, இதுக்கு ஆகுமா? ஒத்தி எடு. இப்படி இல்ல, இப்படி... ஐயோ, குடு இங்க!"

பிடுங்கிவிட்டார். சரசரவென்று நாலு சுட்டு ஒரு கொத்தையே காலி செய்தார். "பாத்துக்கிட்டியா?"

நாத்தனார் நிதானமாகச் சொன்னார்: "உன் வளையலைப் பாத்தேன் அண்ணி. புதுசா?"

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. தன் வாயிலிருந்து வந்தது மகளின் குரல். அவர் போனை நாத்தனார் மடியில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"சுடு. நான் வாயைத் தவிர எதையும் நீட்டமாட்டேன்."

வாய் நீண்டதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் வியாழக்கிழமை இடைவேளையில் நாத்தனார் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டார். திரையில் வாண வேடிக்கை. இரண்டு பேரும் கட்டிக்கொள்ளாத குறை.

வெள்ளிக்கிழமை. எல்லாரும் வரிசையில். நாத்தனாரின் முறை வந்தது. ஈரத் துணியில் விரலை ஒற்றினார். தொட்டது அடுத்த படத்தில் விழுந்து, கூடம் முழுக்கக் குமிழ் விளையாட்டின் பாட்டு அலறியது. வரிசை சிரித்தது.

"ஆபீஸ்ல விளையாட்டு வேறயா?" என்றார் மேற்பார்வையாளர். கெட்டவர் இல்லை, அவசரம்தான் அவருக்கு வியாதி. அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நீங்களே அமுக்கிக் குடுத்துடுங்க. நான் பாக்கலன்னு வெச்சுக்கறேன்."

"இன்னைக்கு நீங்க பாக்கல, சரி. நாளைக்கு நான் லீவு போட்டா அவ வீட்டு அடுப்பை யாரு பத்த வெப்பாங்க சார்? அவளே தொடட்டும். நில்லுங்க."

நாத்தனார் திரும்பிப் பார்த்தார். "அண்ணி..."

"என் மூஞ்சில என்ன இருக்கு? போனைப் பாரு. தோத்தா மறுபடி ஆடு."

நாத்தனார் பாட்டை மூடினார். தானே மூடினார்! செயலியைத் தேடினார், தாண்டிப் போனார், திரும்பி வந்தார். மேற்பார்வையாளரின் செருப்பு தரையில் தாளம் போட்டது. விரல் வட்டத்தின் மேல் வந்து, தொடாமல் நின்றது. அக்காவின் தோள் தானாக முன்னால் சரிந்தது. கைகள் மட்டும் வரவில்லை. பின்னால் நின்றிருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது, ஒரு கை மற்றொரு கையின் மணிக்கட்டை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தது என்று.

டிங்.

அந்தக் கை பிடியை விட்டபோது, மணிக்கட்டில் புது வளையலின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

இப்போது என் முதல் கேள்விக்கு வாருங்கள். பதில் உங்களுக்குத் தெரியும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அந்தப் போனை உங்கள் அம்மாவின் கையில் கொடுங்கள். விரல் காய்ந்திருந்தால் ஓர் ஈரத் துணியும் கொடுங்கள். பிறகு தயவுசெய்து, உங்கள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.