உள்ளங்கையில் நின்ற கார்

எங்கள் உதியன்குளங்கரையில் ரோட்டைக் கடக்க ஒரு வழக்கம் உண்டு. கையை நீட்டிக்கொண்டு இறங்கினால் போதும், வண்டி நிற்கும். நானும் அப்படித்தான் இருந்தேன், வருகிற வண்டியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

போன மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். எதிர்ப்பக்கம் நெய்யாற்றின்கரை பஸ் வந்து நின்றது. அதைப் பிடிக்க வலது கையை நீட்டிக்கொண்டு ஓடினேன். ஒரு ஹார்ன் விடாமல் அலறியது. தொடர்ந்து டயர்கள் கிறீச்சிட்டன. திரும்பினால், நீட்டிய என் உள்ளங்கை ஒரு காரின் பானெட்டில் பதிந்திருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல அப்படியொரு சூடு. எனக்கோ ஒரு கீறல்கூட இல்லை.

அமரவிளைப் பக்கமிருந்து காரைப் பறக்கவிட்டு வந்த இளைஞன், கதவைத் திறந்து இறங்கினான். திட்ட வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"ஹார்ன் அடிச்சா ஆளு ஒதுங்கும்ணு நெனச்சேன் அக்கா."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "கைய காட்டினா வண்டி நிக்கும்ணு நானும் நெனச்சேன் மக்கா" என்றேன்.

இருவருமே மற்றவர் வழிவிடுவார் என்று நம்பி வந்திருக்கிறோம். அப்புறம் காரைச் சரியாக என் உள்ளங்கையில் நிறுத்தியது எது? இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது.

இப்போதும் கை நீட்டுகிறேன். ஆனால் ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்து, வண்டி நின்ற பிறகே காலை இறக்குகிறேன். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை சுடுகிறது.